சைலன்சரை மொட்டை மாடியில் வைத்து நானே மாற்றலாமா?

தண்டையார்பேட்டை150 — ஞாயிறு, காலை 9.12

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014 மாடல் பல்சர் 150, கார்பரேட்டர் வண்டி. போன வருஷம் மூன்றாவது கையாக வாங்கியது. சைலன்சரின் அடிப்பக்கம் துருப்பிடித்து, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. சத்தம் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தச் சத்தம் எனக்குக் கொஞ்சம் பிடித்தும் போய்விட்டது.

யோசனை இதுதான். சைலன்சரை முழுசாகக் கழற்றிவிட்டு, பெண்டு பைப்பில் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து வருகிற குழாய்) ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன டப்பாவையும் வெட்டி எடுத்து, நேர் பைப் போட்டு, கடைசியில் ஒரு அடி நீளத்துக்குக் குட்டி மஃப்ளர். வெல்டிங் மிஷின் நண்பனிடம் இருக்கிறது, கிரைண்டர் என்னிடம் இருக்கிறது, மாடி சும்மாதான் கிடக்கிறது. மோட்டாருக்குப் போட்டிருந்த பழைய ஜி.ஐ. பைப் ஒன்றேகால் இஞ்சில் வீட்டிலேயே இருக்கிறது. செலவு வெல்டிங் ராடு மட்டும்தான். பிக்கப்பும் ஏறும் என்கிறான் நண்பன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ரெண்டுஸ்ட்ரோக் — ஞாயிறு, காலை 9.40

செய்யுங்க ப்ரோ. கையை வைக்காமல் எப்படிக் கத்துக்கிறது?

பெண்டுபைப் — ஞாயிறு, காலை 10.25

தம்பி, மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம். அந்த ஜி.ஐ. பைப்பை முதலில் எடுத்துப் பழைய இரும்புக்காரரிடம் போடு. ஜி.ஐ. மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. வெல்டிங் வைத்தால் வெள்ளையாகப் புகை வரும். அதை இழுத்தால் சாயங்காலம் குளிர் ஜுரம் மாதிரி நடுங்கும், வாயில் செம்புக் காசை வைத்தது போல ருசி இருக்கும். வியாசர்பாடியில் பட்டறை போட்ட புதிதில் நானே ஒருமுறை போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறேன். போதாததற்கு அது சைலன்சர் பைப். தினமும் சுடும். வெல்டிங் முடிந்தாலும் மிச்சப் பூச்சு அந்தச் சூட்டில் நாளடைவில் உரிந்து வரும்.

இப்போது கேள்வி. ஓட்டை எந்த இடத்தில்? வால் பக்கமா, நடுவிலா? தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறாய்?

தண்டையார்பேட்டை150 — ஞாயிறு, காலை 10.58

நன்றி அண்ணா, ஜி.ஐ. பைப் வேண்டாம். ஓட்டை வால் பக்கம், அடியில். வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு ஷிப்டுக்குப் போய் வருவதுதான். ஒரு பக்கம் நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். சில நாள் காசிமேடு வழியாகப் போவேன், கடல் பக்கமாக.

பெண்டுபைப் — ஞாயிறு, மதியம் 12.31

அப்படியென்றால் உன் சைலன்சரைத் தின்றது உப்புக்காற்று மட்டும் இல்லை. உள்ளேயிருந்தும் தின்றிருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். நம்ப மாட்டார்கள், ஆனால் கணக்கு அதுதான். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. சைலன்சர் நன்றாகச் சுட்டால் அது ஆவியாகவே வெளியே போய்விடும். நாலு கிலோமீட்டரில் பெண்டு பைப் சுடும், வால் சுடாது. ஆவி அங்கே போய்க் குளிர்ந்து தண்ணீராக இறங்கி அடியில் தேங்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது பின்னால் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீர்தான். புகையில் இருக்கும் அமிலமும் அதில் கலந்திருக்கும். வெளியே காசிமேட்டு உப்பு, உள்ளே இந்தத் தண்ணீர். தகடு எத்தனை வருஷம் தாங்கும்?

இதற்காகவே கம்பெனியில் சைலன்சரின் அடியில் சின்னதாக ஒரு ஓட்டை வைத்திருப்பார்கள். தீக்குச்சி நுழைகிற அளவுதான் இருக்கும். தண்ணீர் வடிவதற்கு. நிறைய பேர் அதைத் துரு ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுவார்கள். வெல்டிங் வைத்து அடைத்ததையும் பார்த்திருக்கிறேன். உன்னுடையதில் அந்த ஓட்டை திறந்திருக்கிறதா என்று ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்துச் சொல்.

மூணாவதுகியர் — ஞாயிறு, மதியம் 12.50

அண்ணே, ஓட்டை கதை இருக்கட்டும். நேர் பைப் போட்டால் பிக்கப் ஏறுமா ஏறாதா? ஏறும் என்று பாதிப் பேர், பேக் பிரஷர், அதாவது புகை வழியில் ஒரு அடைப்பு, இல்லாவிட்டால் வண்டி செத்துவிடும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள்.

பெண்டுபைப் — ஞாயிறு, மதியம் 2.15

சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு கட்சியும் பாதி பாதி. எஞ்சினுக்கு அடைப்பு வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. வேண்டியது வேகமும் நேரமும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் புகை ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தள்ளாகப் போகிறது. அந்தத் தள்ளு குழாயில் ஓடி, அகலமான இடத்தில் விரியும்போது, அங்கிருந்து ஒரு உறிஞ்சும் அலை திரும்பி எஞ்சினை நோக்கி வரும். எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகிறது, இன்டேக் வால்வு திறந்துகொண்டிருக்கிறது, அந்தக் கண நேரத்தில் அலை வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்துவிட்டு, புது பெட்ரோல்-காற்றுக் கலவையையும் உள்ளே இழுத்துக் கொடுக்கும். நேரம் தப்பினால் உதவி இல்லை. சில ஆர்பிஎம்மில் (எஞ்சின் ஒரு நிமிஷத்துக்குச் சுற்றுகிற சுற்று) உபத்திரவமே. எந்த ஆர்பிஎம்மில் அலை சரியாக வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளம்தான் முடிவு பண்ணுகிறது. குழாய் ரொம்ப அகலமாகிவிட்டால் புகையின் வேகம் குறைந்துவிடும்.

பெண்டு பைப்பில் இருக்கும் டப்பாவை நீ வெட்டப் போகிறாய் இல்லையா? பஜாஜ் அதற்கு எக்ஸாஸ்டெக் என்று பேர் வைத்து விளம்பரமே பண்ணியது. கீழ் ஆர்பிஎம்மிலும் நடு ஆர்பிஎம்மிலும் இழுவை வருவதற்காக வைத்த டப்பா. அதை வெட்டினால் 8,000 ஆர்பிஎம்மில் ஏதாவது கிடைக்கிறதோ இல்லையோ, 3,000-ல் கட்டாயம் போகும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகிற உனக்கு 8,000 எங்கே வரப்போகிறது? சத்தம் ஏறினால் வேகம் ஏறினது போலக் காதுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

அப்புறம், கார்பரேட்டர் வண்டியில் புகை வழியை மட்டும் திறந்துவிட்டு ஜெட்டை (கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்ன ஓட்டை) அப்படியே விட்டால் காற்று கூடி பெட்ரோல் குறையும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காபிப்பொடி நிறத்துக்குப் பதிலாகச் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். பெரிய மெயின் ஜெட் போட்டால் சரியாகும், மைலேஜ் குறையும்.

பிஎஸ்6காரி — ஞாயிறு, மாலை 4.05

என்னுடையது 2021 வண்டி. இதில் மாற்றினால் ஜெட் தொல்லை இல்லை, கம்ப்யூட்டரே சரிப்படுத்திக்கொள்ளும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?

பெண்டுபைப் — ஞாயிறு, மாலை 4.30

ஓரளவு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வண்டிகளில் பெண்டு பைப்பில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. காற்று 14.7 பங்குக்கு பெட்ரோல் ஒரு பங்கு என்ற கணக்கைச் சுற்றியே ஈசியு என்கிற அந்தக் கம்ப்யூட்டர் விளையாடும். நிதானமாக ஓட்டும்போது அது சரிப்படுத்தும். முழு ஆக்சிலரேட்டரில் சென்சாரைக் கேட்காது, எழுதி வைத்த கணக்குப்படி போகும். அங்கேதான் பெட்ரோல் குறையும். கடைக்காரர் பைப்பில் சென்சாருக்கு இடம் வைக்கவில்லை என்றால் எஞ்சின் லைட் எரியும். சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்றை முகர்ந்து, பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து ஊற்றும். புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வர்ட்டரும் போய்விடும். அதற்குள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் பூசியிருக்கிறார்கள், அதனால்தான் பழைய சைலன்சருக்கு அலைகிறார்கள். நீங்கள் அதில் கை வைக்காதீர்கள் அம்மா.

காஸ்ட்அயன் — ஞாயிறு, மாலை 5.45

திருவொற்றியூர்க்காரன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை. புல்லட் ஆலை வாசலில் சைரன் கேட்டு வளர்ந்தவன் நான். இன்றைக்குப் பையன்கள் புல்லட்டுக்கு பஞ்சாப் சைலன்சர், இந்தூரி, மெகாபோன் என்று மாட்டிக்கொண்டு "அந்தக் கால சத்தம்" என்கிறார்கள். அந்தக் கால சத்தம் அது இல்லை! பழைய 350-ன் போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. நீளமான ஸ்ட்ரோக், கனமான பிளைவீல், ஒரே சிலிண்டர். ஐடிலிங்கில் மெதுவாகச் சுற்றும்போது வெடிக்கு வெடி இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் சங்கீதம். கம்பெனி சைலன்சரில்தான் அது சுத்தமாகக் கேட்கும். மெகாபோனில் எல்லாம் கலந்து தகர டப்பாவில் கல் போட்டு உருட்டினது மாதிரி ஆகிவிடும்.

ரெண்டுஸ்ட்ரோக் — ஞாயிறு, மாலை 6.02

யமஹா ஆர்எக்ஸ்100-க்கு முன்னால் புல்லட் எல்லாம் என்ன அண்ணே...

காஸ்ட்அயன் — ஞாயிறு, மாலை 6.10

வந்துட்டாருய்யா.

நைட்டூட்டி — திங்கள், காலை 8.20

இரவு வேலை முடிந்து வந்து இதைப் படிக்கிறேன். நான் நர்ஸ், வண்ணாரப்பேட்டையில் வீடு. எங்கள் தெருவின் அகலம் எட்டு அடி. இரண்டு பக்கமும் மூன்று மாடி. அந்த இடுக்கில் ஒரு நேர் பைப் வண்டி போனால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி மேலே ஏறி வரும். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் சத்தம் அவருக்குப் பின்னால்தான் போகிறது. பகலில் தூங்குகிற என்னைப் போன்றவர்கள் இந்தப் பக்கம் நிறைய பேர் இருக்கிறோம். துறைமுகத்தில் ஷிப்டு பார்க்கிற தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்கும் வண்டி பிடிக்கும். எழுத வந்தது வேறு. வெல்டிங் பண்ணப் போகிறேன் என்கிறீர்களே, முகத்துக்கு ஷீல்டு இருக்கிறதா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையைத் திருப்பிக்கொண்டு டாக் (சின்ன வெல்டிங் பொட்டு) வைத்துவிட்டு, நடு ராத்திரி கண்ணில் மணல் கொட்டினது மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்களை மாதா மாதம் பார்க்கிறேன். வெல்டிங் வெளிச்சம் கருவிழியின் மேல்தோலைச் சுடும், வலி பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவருக்கும் வரும். மாடியில் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும். உருளைக்கிழங்கு வில்லையைக் கண்ணில் கட்டிக்கொண்டு வராதீர்கள், நேராக வாருங்கள்.

தண்டையார்பேட்டை150 — திங்கள், காலை 9.05

ஷீல்டு இல்லை அக்கா. கூலிங் கிளாஸ்தான் நினைத்திருந்தேன்.

நைட்டூட்டி — திங்கள், காலை 9.07

நினைத்தேன்.

ஆர்சிபுக் — திங்கள், மதியம் 1.10

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 52ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாற்றுவது பற்றியது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சத்தம், புகை விதியை மீறி ஓட்டினால் 190(2): முதல் தடவைக்கு 10,000 வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு.

80 சிசிக்கு மேல் 175 சிசி வரையிலான பைக்குக்குத் தயாரிப்பின்போது 77 டெசிபல்தான் எல்லை. அதை அளப்பது வண்டி கடந்து போகும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து. சைலன்சர் வாயில் போனை நீட்டி ஆப்பில் 95 காட்டுகிறது என்று சண்டைக்கு வராதீர்கள், அது வேறு அளவு. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூணாவதுகியர் — திங்கள், மதியம் 1.32

ஆனால் பிடிப்பது என்னவோ எங்களைத்தான். ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் லாரியை யார் கேட்கிறார்கள்?

ஆர்சிபுக் — திங்கள், மதியம் 1.40

அந்த வருத்தம் எனக்கும் உண்டு. அது தனி இழை.

தண்டையார்பேட்டை150 — செவ்வாய், இரவு 10.48

இன்றைக்கு வார விடுமுறை. சைலன்சரைக் கழற்றினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெண்டு பைப்பை எஞ்சின் ஹெட்டோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டில் ஒன்று சுலபமாக வந்தது. இன்னொன்று கொஞ்சம் சுற்றி, இளகுவது போல இளகி, அப்புறம் பிசின் மாதிரி ஒரு உணர்வு. படக்கென்று ஸ்டட், அதாவது நட்டு ஏறுகிற மரைக் கம்பி, உடைந்து கையோடு வந்துவிட்டது. பாதி ஹெட்டில், பாதி ஸ்பேனரில்.

ஈர்க்குச்சி விட்டுப் பார்க்க ஓட்டையே இல்லை. அந்த இடத்தில் பட்டாணி சைசுக்கு ஒரு வெல்டிங் பொட்டு. முன்னால் வைத்திருந்தவர் வேலை. கிரைண்டரில் வால் பக்கம் வெட்டினேன் (கண்ணாடி, மாஸ்க் இரண்டும் போட்டுக்கொண்டுதான், அக்கா). பிளேடு உள்ளே இறங்கின உடனே துருச் சேற்றில் ஊறியிருந்த தண்ணீர் வடிந்தது. டிகாக்‌ஷன் நிறம், முட்டை அழுகின வாடை. அம்மா மேலே வந்து சாக்கடை உடைந்துவிட்டதா என்று கேட்டார்.

உள்ளே ஜல்லடைக் குழாய் இரண்டு, நடுவில் தடுப்புத் தகடு. புகை ஒரு குழாயில் போய், ஒரு அறையில் திரும்பி, இன்னொரு குழாயில் வருகிற மாதிரி. பார்க்கவே ஆசையாக இருந்தது. சும்மா ஒரு டப்பா என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் தகடு தொட்டால் அப்பளம் மாதிரி உதிர்கிறது. ஒட்டுப்போட ஒன்றும் மிச்சம் இல்லை. மூடிய ஓட்டைக்குப் பக்கத்திலேயேதான் துருவும் ஆரம்பித்திருக்கிறது.

அண்ணா, ஸ்டட்டுக்கு என்ன செய்ய?

பெண்டுபைப் — புதன், காலை 7.15

ஸ்டட் வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? இரண்டு நட்டு ஏறுகிற அளவு இருந்தால் இரண்டையும் போட்டு ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, உள் நட்டைப் பிடித்துச் சுற்று. அதற்கு முன்னால் டீசலும் ஆயிலும் கலந்து ராத்திரி முழுக்க ஊறவிடு. நேராக இளக்காதே. முதலில் இம்மி இறுக்கி, அப்புறம் இளக்கி, மறுபடி இறுக்கி, அப்படியே போ. ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. கோபப்பட்டால் ஹெட்டின் மரை போய்விடும். மட்டத்தோடு உடைந்திருந்தால் டிரில்லைத் தொடாதே, லேத்துக்கு எடுத்துப் போ.

தண்டையார்பேட்டை150 — புதன், காலை 7.40

முக்கால் இஞ்சு நிற்கிறது. இரண்டு நட்டு ஏறும்.

பெண்டுபைப் — புதன், காலை 8.02

பிழைத்தாய். சரி, அடுத்தது. புதுப்பேட்டைக்குப் போய் அதே மாடலுக்குக் கழற்றின கம்பெனி சைலன்சராகப் பார். மூன்று சோதனை. காதோரம் வைத்துக் குலுக்கு, கடகட என்றால் உள்தகடு விட்டுவிட்டது, வேண்டாம். அடிப்பக்கம் முழுக்க ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே வா. நல்ல தகடு கணீர் என்கும், மெலிந்த இடம் மொத்து என்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்து. புதுப் பெயின்ட் பளபளவென்று இருந்தால் இரண்டு மடங்கு அழுத்து. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

ஜாயின்ட்டில் வைக்கிற கேஸ்கட் வளையத்தைப் புதிதாக வாங்கு, பழையதைத் திரும்பப் போடாதே. ஆக்சிலரேட்டரை விட்டதும் டப் டப் என்று வெடிக்கிறது என்று சொல்வார்களே, பாதிப் பேருக்கு அது ஹெட் ஜாயின்ட்டில் காற்றை இழுப்பதால்தான். வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோலைப் பைப்பிலேயே கொளுத்துகிறது. மாட்டும்போது எல்லாவற்றையும் லூசாக மாட்டி, முதலில் ஹெட் நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கு, பின்னால் இருக்கும் போல்ட் கடைசி. மாற்றிச் செய்தால் ஸ்டட் எப்போதும் இழுபட்டே இருக்கும். இறுக்கின பிறகு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் பண்ணு. நுரை கொப்பளித்தால் கசிவு. ஸ்டார்ட் பண்ணுவது தெருவில், அறைக்குள்ளே இல்லை.

காஸ்ட்அயன் — புதன், காலை 9.30

பைப்பில் சூட்டுப் பட்டி சுற்றலாம் என்று யாராவது சொல்லுவான், கேட்காதே. அது மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் மருமகன் சுற்றினான், இரண்டு மழைக்காலத்தில் பைப் கையோடு வந்தது. வேண்டுமானால் சூடு தாங்குகிற சில்வர் பெயின்ட் அடி.

தண்டையார்பேட்டை150 — சனி, இரவு 9.20

ஸ்டட் வந்துவிட்டது, வியாழன் இரவு. ஊறவிட்ட பிறகும் அரை மணி நேரம் பிடித்தது. புது ஸ்டட், புது நட்டு போட்டேன்.

இன்றைக்குப் புதுப்பேட்டை. ஆறு சைலன்சர் தட்டிப் பார்த்தேன். நாலாவது கடையில் ஒருவர் "என்னப்பா, தேங்காயா வாங்குற?" என்றார். அவரிடம்தான் கிடைத்தது, 1,100 ரூபாய். டப்பா வைத்த பெண்டு பைப் என்னுடையதே நன்றாக இருந்தது, அதை வெட்டவில்லை. சோப்புத் தண்ணீரில் நுரை வரவில்லை. எண்ணூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியரில் முன்னைக்கு நன்றாக இழுக்கிறது. சத்தம் போய்விட்டது, கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. டேங்குக்கு அடியில் ஏதோ கிடுகிடு என்று ஆடுவது இப்போதுதான் காதில் விழுகிறது. இத்தனை நாளாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது போல.

மூணாவதுகியர் — சனி, இரவு 9.41

வெல்டிங் மிஷின்?

தண்டையார்பேட்டை150 — சனி, இரவு 9.44

நண்பன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். கதவுக்குக் கொக்கி வைக்கிறானாம். ஷீல்டு வாங்கச் சொன்னேன்.

பெண்டுபைப் — சனி, இரவு 10.10

டேங்க் ரப்பர் புஷ் போயிருக்கும், பார். வாரத்துக்கு ஒருமுறை இருபது கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டு, வால் சுட வேண்டும். அந்த அடி ஓட்டை?

தண்டையார்பேட்டை150 — சனி, இரவு 10.13

வாங்கும்போதே பார்த்துவிட்டேன் அண்ணா. ஈர்க்குச்சி பையிலேயே எடுத்துப் போயிருந்தேன். தடையில்லாமல் போகிறது.